அக்கா தலை இழுத்துவிட்ட காலை

நெஞ்சுக்குள் விடும் இரண்டு குழாய்களில் எது நல்லது என்று கேட்டு இப்போதும் யாராவது அழைக்கிறார்கள். வத்தளையிலிருந்து ஒருவர், மனைவியை ஸ்கான் அறைக்குள் தள்ளிக்கொண்டு போன கையோடு அழைத்தார். மெல்லிய குழாயா, மொத்தக் குழாயா, நீங்கள் எதைச் செய்தனீங்கள் என்றார். செய்ததைச் சொன்னேன். அதுதான் நல்லதோ என்றார். தெரியாது என்றேன். மறுமுனையில் அவர் மூச்சு விட்டது கேட்டது. அதனால் இதை எழுதுகிறேன். பதிலாக அல்ல, நடந்ததாக. அதுவும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. நினைவில் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்துணிபோல ஒட்டிக் கிடக்கின்றன. உரிக்க உரிக்கக் கிழிகின்றன.

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. வெள்ளவத்தையில் கடற்கரை ரயிலில் ஏறி, இரத்மலானைவரை போய், இறங்காமல் நின்று யோசித்து, கடைசி நொடியில் இறங்கி, அடுத்த ரயிலில் திரும்பி வருவேன். ஒரு வேலையும் இருக்காது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடுகளின் பின்புறம், கொடியில் காயும் துணி. அவ்வளவுதான். இவருக்கு, என் கணவருக்கு, அது விளங்காது. "சும்மா போய் சும்மா வாறதுக்கு ஏன் டிக்கெட் எடுக்கிறீர்?" என்பார்.

அப்படி ஒருநாள் திரும்பி வரும்போது வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கும் இடத்தில் கால் மடங்கியது. எலும்பு உடையவில்லை, சவ்வு இழுபட்டிருக்கிறது, காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுங்கள் என்றார்கள். படுத்தேன். ஓரிடத்தில் இருக்காதவள் வாரக்கணக்கில் தலையணைமேல் காலை வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தேன். கணுக்கால் வற்றியது. கெண்டைக்கால் வீங்கியது. சதை பிடித்திருக்கும் என்று நினைத்தோம். எதற்கும் சதை பிடித்திருக்கும் என்றுதான் நினைப்போம்.

பிறகு எழும்பி நடந்தபோது எங்கள் மாடிப்படி நீண்டுவிட்டிருந்தது. இரண்டாம் மாடியிலேயே நின்று சுவரைப் பிடித்தேன். வயது என்று நினைத்தேன். படுத்துக் கிடந்ததால் வந்த சோம்பல் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை இவர் மீன் வாங்கப் போயிருந்தார். குளியலறையில் வாளியைத் தூக்கக் குனிந்தேன். வெளிச்சம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அடுத்தது நான் தரையில் கிடக்கிறேன், வாளி பக்கத்தில் உருண்டு கிடக்கிறது, தண்ணீர் என் காதுக்குள் போகிறது. பின்மண்டை குளியலறைச் சீமெந்துக் கட்டின் விளிம்பில் மோதியிருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன். இரத்தம் இல்லை. எழும்பினேன், உடுப்பு மாற்றினேன், கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டேன். இவர் சூடை மீன் பையோடு உள்ளே வந்தார்.

"என்ன முகம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. அதைவிட, சொல்லியிருந்தால் இவர் ரயிலை நிப்பாட்டிவிடுவார். எனக்கு மண்டையைவிட ரயில் பெரிதாகத் தெரிந்தது. இதை வாசிக்கிறவர் சிரிக்கலாம்.

மறுநாள் மூச்சு என்னோடு வரவில்லை. கதைக்கத் தொடங்கினால் ஒரு வசனம் முடிக்க முடியவில்லை. இவர் முச்சக்கரவண்டி பிடித்து என்னைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனார்.

அங்கிருந்து எல்லாம் குழம்புகிறது. விரலில் ஒரு கவ்வி, மார்பில் ஒட்டுகள், முகத்தில் ஒக்சிஜன் மாஸ்க். காத்திருந்த இடத்தில் ஒரு தொலைக்காட்சி சத்தமில்லாமல் கிரிக்கெட் காட்டியது. ஸ்கானுக்குப் போனபோது கையில் ஒரு சாயம் ஏற்றினார்கள். உடம்பு முழுக்கச் சூடாக ஓடியது, படுக்கையை நனைத்துவிட்டேனோ என்று வெட்கப்பட்டேன். நனைக்கவில்லை. அந்தச் சாயம் அப்படித்தான் ஏமாற்றுமாம்.

விளக்கிச் சொன்னவர் ஒரு இளம் பெண் டொக்டர். தெஹிவளைப் பிள்ளை, தலையை மூடிய முக்காட்டுக்கு மேல் ஸ்டெதஸ்கோப். "ஆன்ட்டி, கால்ல ரத்தம் கட்டியாகி, அது கழண்டு மேல போயிருக்கு. இதயத்துக்குள்ளால போய், நுரையீரலுக்குப் போற குழாய்ல அடைச்சிருக்கு. ரெண்டு பக்கமும். பயப்பட வாணாம், ஆனா அசைய வாணாம்."

எக்கோ எனும் ஸ்கானில் என் இதயத்தைக் காட்டினார்கள். இடப்பக்கம் ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் மூடிய கதவைத் தோளால் தள்ளித் தள்ளி வீங்கிப்போனவனைப்போல இருந்தது. இரத்த அழுத்தம் இன்னும் விழவில்லை. விழுந்தால் வேறு கதை, விழாதவரை யோசிக்க நேரமுண்டு என்றார்கள்.

உடனே ஹெப்பரின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். அது கட்டியைக் கரைக்காது. வளரவிடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். கரைப்பதை உடம்பே மெல்ல மெல்லச் செய்யும். என் இதயத்துக்கு அந்தப் பொறுமை இருக்குமா என்பதுதான் பெரிய டொக்டரின் சந்தேகம்.

அப்போது அந்தத் தெஹிவளைப் பிள்ளை கேள்விகள் கேட்டது. ஒபரேஷன் ஏதும் செய்தீங்களா, ஸ்ட்ரோக் வந்ததா, வயிற்றுப் புண் இருக்கா, இந்தக் கிட்டடி நாட்களில் விழுந்து அடிபட்டீங்களா. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டது. நான் மாஸ்க்குக்குள் வாயைத் திறக்குமுன் இவர் பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். கடைசிக் கேள்விக்கு, "ஸ்டேஷன்லை கால் மடங்கினதுதான் டொக்டர். வேறை ஒருநாளும் விழேல்லை," என்றார். அவ்வளவு உறுதியாக. அவரை அந்நியர் முன் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு, வாளிக்குப் பக்கத்தில் விழுந்ததற்கும் நெஞ்சுக்குள் அடைத்ததற்கும் என்ன தொடர்பு. மூச்சு வாங்கிக்கொண்டே கண்ணை மூடினேன்.

பெரிய டொக்டர் மாலையில் வந்தார். சிங்களவர். ஆங்கிலத்தில் தொடங்கி, என்னைக் கண்டதும் தமிழுக்கு வந்து, பாதியில் திரும்பி ஆங்கிலத்துக்கே போனார். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

வழி இரண்டு. இரண்டும் தொடையின் நரம்பில் சின்னத் துளை போட்டு, குழாயை மேலே அனுப்பி, இதயத்தின் வலப்பக்கத்தினூடாக நுரையீரல் குழாய்க்குள் போவதுதான். முதலாவது மெல்லிய குழாய். அதைக் கட்டிக்குள் செருகிவைத்து, கட்டியைக் கரைக்கும் மருந்தை மணிக்கணக்காகத் துளித்துளியாக விடுவது. அதே மருந்தைக் கையில் ஏற்றினால் நிறைய வேண்டும், உடம்பெங்கும் ஓடும். இதில் கொஞ்சம் போதும். ஆனால் கொஞ்சம் என்றாலும் அது உறைந்த இரத்தத்தைக் கரைக்கிற மருந்துதான். எங்காவது மறைவாகக் காயம் இருந்தால் அங்கே கசியலாம். தலைக்குள் கசிந்தால் ஆபத்து. இரண்டாவது மொத்தக் குழாய். மருந்தில்லை. கட்டியை உறிஞ்சி வெளியே இழுப்பது. உடனே வழி திறக்கும். ஆனால் குழாய் பெரிது, இதயத்தினூடாகப் போகும்போது துடிப்பு தடுமாறலாம், குழாய்ச் சுவரில் காயம் படலாம், கட்டியோடு கொஞ்ச இரத்தமும் வந்துவிடும்.

"எது நல்லது?" என்று இவர் கேட்டார்.

"யாருக்கு எது என்பதில் நாங்களே இன்னும் வாதாடுகிறோம்," என்றார் டொக்டர் ஆங்கிலத்தில். "உங்கள் மனைவிக்கு இரண்டும் செய்யலாம். காலையில் முடிவெடுப்போம்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

எங்கள் வீட்டில் மிக்சி வாங்குவதென்றாலும் இவர் லண்டனைக் கேட்காமல் வாங்க மாட்டார். லண்டனில் இவருடைய தம்பி, மருந்துக்கடை வைத்திருக்கிறார். வார்ட்டின் வாசலில் நின்று இவர் ஸ்பீக்கரில் கதைத்தது எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. என்னைப் பற்றித்தான் கதை. ஆனால் நான் அங்கே இல்லை.

"அண்ணை, மொத்தக் குழாயை இதயத்துக்குள்ளாலை விடுறது விளையாட்டில்லை. துளி மருந்துதான் நல்லம். எத்தினை காலமாச் செய்யிற வேலை."

"டொக்டர் ரெண்டும் சரியெண்டுறார்."

"அவருக்கென்ன. உறிஞ்சிற சாமான் விலையும் கூட. அண்ணிக்கு வேறை நோய் வருத்தம் ஒண்டுமில்லைத்தானே?"

"ஒண்டுமில்லை."

அந்தச் சொல் திரும்பவும். அது மின்விசிறியைப்போல என் தலைக்கு மேல் சுற்றியது. துளி மருந்து என்று முடிவாயிற்று. இவர் உள்ளே வந்து என் போர்வையை இழுத்துச் சரிசெய்து, "நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்," என்றார். நானும் யோசிக்கவில்லை. யோசிக்க என்னிடம் காற்று இருக்கவில்லை. பின்மண்டை தலையணையில் பட நொந்தது. ஒருக்களித்துப் படுத்தேன்.

வியாழன் காலை அக்கா வந்தாள். கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வந்ததும் இவரைத்தான் பிடித்தாள்.

"என்னவாம் முடிவு?"

"துளி மருந்து. தம்பியும் அதுதான் நல்லமெண்டுறான்."

"லண்டனைக் கேட்டாச்சு. படுத்துக் கிடக்கிறவளைக் கேட்டனீங்களோ?"

"அவவை ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டு."

"அதுவும் சரி. நெஞ்சு அவளின்ரை, முடிவு மருந்துக்கடையின்ரை."

இவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

குழாய் விடும் அறைக்குப் போகுமுன் முடியை இரண்டாகப் பின்னிக் கட்டச் சொல்லி நேர்ஸ் சிங்களத்தில் சொன்னார். கொண்டையோடு தொப்பி போட முடியாதாம், படுக்கும்போது தலை நேராக இராதாம். அக்கா கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். அவள் கொண்டுவந்திருந்தாள், எனக்காக அல்ல, அவள் சீப்பில்லாமல் எங்கும் போவதில்லை. என்னைச் சாய்த்து உட்காரவைத்து, பின்னால் கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள்.

அக்காவின் கை கடுமை. சின்ன வயதில் அவள் சீவித் தலை இழுத்துவிட்டால் புருவம் மேலே ஏறி நிற்கும், பள்ளிக்கூடம் முடியும்வரை நான் எதையோ கண்டு ஆச்சரியப்பட்டவள்போல இருப்பேன். இப்போதும் அதே கைதான். கொண்டையை அவிழ்த்தாள். வகிடு எடுத்தாள். சீப்பு கீழே இறங்கியது. நான் துள்ளினேன்.

"சிக்கோ?"

"இல்லை."

சீப்பை வைத்துவிட்டு விரலால் தேடினாள். விரல் நின்றது. திரும்ப அந்த இடத்துக்கே வந்தது.

"என்னடி இது?"

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்டுமில்லாதது முட்டைக் கணக்கா வீங்கியிருக்கு."

எனக்கு முன்னால் ஜன்னல், அதற்கப்பால் ஒரு கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டி, அதன்மேல் ஒரு காகம். அக்காவின் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"குளியலறையிலை விழுந்தனான்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. கண் இருண்டுபோச்சு. சீமெந்துக் கட்டு விளிம்பிலை மண்டை அடிபட்டது."

"ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அக்கா ஒரு பக்கப் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினாள். அவள் ஓடி நான் கண்டதில்லை. அன்று ஓடினாள். நடைபாதையில் அவள் குரல் கேட்டது, வகுப்பறையின் கடைசி வரிசை வாங்கு வரைக்கும் கேட்கிற குரல். "டொக்டர் பிள்ளை, இஞ்சை வாங்கோ. இவளுக்கு மண்டையிலை அடி."

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். தெஹிவளைப் பிள்ளை என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தது, கையைத் தூக்கச் சொன்னது, சிரிக்கச் சொன்னது. ஹெப்பரின் பம்பை நிறுத்தியது. "ஆன்ட்டி, இத நேத்தே சொல்லியிருக்கணுமே," என்றது. கோபத்தில் இல்லை.

அந்தக் காலையில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. மருந்து ஓடினால் தலைக்குள் கசியலாம். மருந்து நின்றால் நெஞ்சுக்குள் கட்டி வளரலாம். ஒரே இரத்தம். மேலே உறைய வேண்டும், கீழே உறையக் கூடாது. அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது. தலை ஸ்கானுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக என்மேல் கடந்தன. ரயிலில் போவதுபோல இருந்தது. ஆனால் கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஸ்கான் முடிந்து முடிவுக்குக் காத்திருந்த நேரம் இவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ரயிலை நிப்பாட்டியிருப்பியள்."

யோசித்தார். "ஓம். நிப்பாட்டியிருப்பன்," என்றார்.

கட்டில் கம்பியை விட்டுவிட்டு என் பாதத்தைப் பிடித்தார். மடங்கிய பாதத்தை அல்ல, மற்றதை. நோகும் என்று பயந்திருப்பார். அக்கா விட்டுப்போன பாதிப் பின்னல் என் தோளில் அவிழ்ந்துகொண்டிருந்தது.

முடிவு வந்தது. மண்டை ஓட்டுக்குள்ளே இரத்தக் கசிவு இல்லை. வீக்கம் தோலுக்குக் கீழேதான். ஹெப்பரினைத் திரும்ப ஓடவிட்டார்கள், இம்முறை அடிக்கடி வந்து கண்ணையும் கையையும் பார்த்தபடி. பெரிய டொக்டர் வந்து, இவரையும் அக்காவையும் தாண்டி, ஒரு கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மா," என்றார் தமிழில், பிறகு ஆங்கிலத்துக்குப் போய் மெதுவாகச் சொன்னார். "கண் இருண்டு விழுந்ததும் இந்தக் கட்டியால்தான் இருக்கும். இதயம் நேற்று நான் நினைத்ததைவிடக் கஷ்டப்படுகிறது, காத்திருக்க விரும்பவில்லை. ஸ்கான் சுத்தம்தான். ஆனாலும் இப்படி அடிபட்ட தலைக்குக் கரைக்கும் மருந்தை விட என் மனம் ஒப்பவில்லை. உறிஞ்சி எடுப்பதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். உங்கள் உடம்பு, நீங்கள் சொல்லுங்கள்."

இவருடைய கையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. லண்டன். இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப்பைக்குள் போட்டார்.

"உங்கடை அம்மாவெண்டா எதைச் செய்வீங்கள்?" என்று கேட்டேன். மூன்று மூச்சில் கேட்டேன்.

"இதைத்தான். ஆனால் பயந்துகொண்டுதான் செய்வேன்."

"அப்ப செய்யுங்கோ. நானும் பயந்துகொண்டு கிடக்கிறன்."

அக்கா வந்து மிச்சப் பின்னலை முடித்தாள். வீக்கத்தைச் சுற்றி, தொடாமல். வாழ்நாளில் முதன்முறையாக அவள் கை மெதுவாக இருந்தது. அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

மயக்கவில்லை. தொடையில் மட்டும் விறைக்க ஊசி. குளிர்ந்த அறை, தலைக்கு மேல் திரைகள், திரையில் என் நெஞ்சு கறுப்பு வெள்ளையில் கிளைவிட்ட மரமாக. பாதிக் கிளைகளைக் காணவில்லை. குழாய் இதயத்தினூடாகப் போனபோது துடிப்பு தடுக்கி, தடுக்கி, படியில் கால் தவறினதுபோல ஒரு கணம் கீழே போய், திரும்ப ஏறியது. யாரோ சிங்களத்தில் எண்ணினார்கள். பிறகு ஓர் இழுப்பு. அதை வலி என்று சொல்ல முடியாது. எனக்குள்ளிருந்த ஒரு மௌனத்தைப் பிடித்து இழுத்ததுபோல. இரண்டாவது இழுப்பு. மூன்றாவதோ, நான்காவதோ.

அப்போது காற்று வந்தது. உள்ளே, அடிவரைக்கும், நான் மறந்துபோயிருந்த அறைகள் எல்லாவற்றுக்கும். அழுதேன். மூச்சுத் திணறுகிறதா என்று கேட்டார்கள். இல்லை, திணறவில்லை, அதுதான் என்றேன்.

வெளியே எடுத்ததைப் பச்சைத் துணியில் பரப்பிப் படம் எடுத்து இவரிடம் காட்டினார்கள். கருஞ்சிவப்பாக, கிளைவிட்டு, வேர்த்துண்டுகள்போல. காலில் இருந்த வடிவத்திலேயே நெஞ்சுக்குப் போயிருக்கிறது. இவர் தம்பிக்கு அந்தப் படத்தை அனுப்பினார். தம்பி ஒரு வரி எழுதியிருந்தார்: தலை ஸ்கான் சுத்தமெண்டா துளி மருந்தும் சரியா வந்திருக்கும். இருக்கலாம். டொக்டரிடமும் கேட்டேன். "தெரியாது," என்றார். தெரியாத ஒன்றின்மேல்தான் இன்று நடக்கிறேன், சாப்பிடுகிறேன், இரத்தம் உறையாத மாத்திரை போடுகிறேன், பல் தீட்டினால் சிவப்பாகத் துப்புகிறேன்.

பில் வந்தபோது இவர் கண்ணாடியைக் கழற்றி நீண்டநேரம் துடைத்தார். எவ்வளவு என்றேன். ஒண்டுமில்லை என்று தொடங்கியவர், நிறுத்தி, தொகையைச் சொன்னார். அதுவும் ஒரு மாதிரி மூச்சு வந்ததுபோலத்தான் இருந்தது.

வத்தளைக்காரரிடம் குழாயைப் பற்றி எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் தொலைபேசியை வைக்குமுன், "அவவைத் தனிய ஒருக்கால் கேளுங்கோ, எங்கையும் அடிபட்டதோ, எங்கையும் கசிஞ்சதோ எண்டு," என்றேன். "நீங்கள் பதில் சொல்லாதேங்கோ."

போன ஞாயிறு ரயிலிலும் பஸ்ஸிலுமாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இவரும் கூட வந்தார், டிக்கெட் எடுத்து, சும்மா. அக்கா எங்களுக்கு முன்னால் படியேறினாள். பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்தாள்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. நட."

உள்ளே போனதும் அவளுடைய கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்தேன். இவர் வெளி விறாந்தைக்குப் போய்விட்டார்.

"இதிலை இருங்கோ."

"விசரே உனக்கு. எனக்கென்னத்துக்கு இப்ப தலை?"

"இருங்கோ அக்கா."

"உனக்குத் தலை இழுக்கத் தெரியாது."

"தெரியாதுதான்."

முணுமுணுத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள், எனக்கு முதுகைக் காட்டி. கொண்டையை அவிழ்த்தேன். கூந்தல் எவ்வளவு மெலிந்துவிட்டது. சீப்பைக் கீழே இழுத்தேன், கடுமையில்லாமல், திரும்பவும் இழுத்தேன். கீழே கடையில் யாரோ இரும்புத் தகட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள்.